பதிவு தொடங்கியதும் கேம் திணறுவது ஏன்?

கேள்வி: 60 ஃபிரேமில் ஓடும் கேம், ஓபிஎஸ் மென்பொருளில் திரைப் பதிவைத் தொடங்கியதும் சட்டென 30-க்கு இறங்குகிறது. சில சமயம் கேம் சீராக ஓடினாலும் வீடியோ தாவித் தாவி ஓடுகிறது. காரணம் என்ன?
- ஒரு வாசகர், நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.

பதில்: சரிபாதியாக இறங்குவது பெரும்பாலும், ஃபிரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு பொருத்தும் வி-சிங்க் அமைப்பின் வேலை. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பதிவின் சுமையால் ஒரு ஃபிரேம் அதற்குள் தயாராகாவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க நேரும். அதனால்தான் 55, 50 என்று படிப்படியாகக் குறையாமல் நேரே 30-க்குப் போகிறது. வி-சிங்க்கை அணைப்பதோ, கேமின் கிராஃபிக்ஸ் தரத்தை ஒரு படி குறைப்பதோ இதைத் தீர்க்கும்.

வீடியோ மட்டும் தாவினால் ஓபிஎஸ்ஸின் 'ஸ்டாட்ஸ்' பலகையைப் பார்க்க வேண்டும். அதில் 'ரெண்டரிங் லேக்' எண் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறது. கேமின் ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் அதற்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். 'என்கோடிங் லேக்' ஏறினால் பதிவை அமுக்கும் வேலை பின்தங்குகிறது. பிராசஸரில் ஓடும் எக்ஸ்264 என்கோடருக்குப் பதில் என்விஎன்க், குயிக்சிங்க் போன்ற வன்பொருள் என்கோடருக்கு மாற வேண்டும்.

மடிக்கணினியில் இன்னொரு காரணமும் உண்டு: மின்சாரம் தடைப்பட்டு பேட்டரிக்கு மாறினாலோ, வெயிலில் சூடேறினாலோ சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, ஒரு நிமிடம் பதிவுசெய்து பார்த்தால் பழுது எங்கே என்பது தெரிந்துவிடும்.