ஆனியில் மழை, ஐப்பசியில் வெயில்
(ஔந்தில் தமிழ்ப் பருவங்களைக் கற்பிக்க ஒரு வழி)

தமிழ் அரிச்சுவடியில் "ஔ" என்னும் எழுத்துக்கு எடுத்துக்காட்டுச் சொல் கிடைப்பது அரிது. ஔவையார், ஔடதம் என்று இரண்டு சொன்னதும் ஆசிரியர் நின்றுவிடுவார். புணே நகரின் வடமேற்கே குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் வாழும் பகுதியின் பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது: ஔந்த். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துப் பாடம் இப்படி எளிதாக முடிந்துவிடும். பருவங்களைப் பற்றிய பாடம்தான் எளிதில் முடிவதில்லை.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெயர்களையும் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். ஆனியும் ஆடியும் முதுவேனில் என்று சொல்லும்போதுதான் சன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அங்கே மழை பெய்துகொண்டிருக்கும். அடைமழை மாதம் என்று படிக்கும் ஐப்பசியிலோ இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். "அப்படியென்றால் தமிழ்ப் புத்தகத்தில் இருப்பது பொய்யா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். இதற்கு நாம் தக்க விடை சொல்லியாக வேண்டும். இல்லையேல், தமிழ் எங்கோ தொலைவிலுள்ள ஊருக்கான மொழி, நாம் வாழும் ஊருக்குப் பொருந்தாது என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் தங்கிவிடும். விடையை வீட்டுக்கு வெளியே அழைத்துச் சென்று காட்டுவதே நல்லது என்பது என் அனுபவம்.

புதிதாக வந்தவர்கள் காண்பது

ஜூன் மாதத்தில் மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்தார் என்னிடம் சொல்லும் முதல் செய்தி, "துணியே காயமாட்டேன் என்கிறது" என்பது. இரண்டாவது, "இந்த ஊர்க்காரர்கள் கொட்டும் மழையில் ஊர் சுற்றப் போகிறார்களே!" என்பது. நமக்கு மழை என்றால் பள்ளி விடுமுறையும் வீட்டில் சுடச்சுட பஜ்ஜியும். இங்கே மழை பிடித்தால்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். அதற்கு "வர்ஷா ஸஹல்" என்று தனிப் பெயரே உண்டு. ஸஹல் என்றால் சிற்றுலா. பஜ்ஜியும் உண்டு, ஆனால் அது மலைமேல் கிடைக்கும் "காந்தா பஜி", அதாவது நம் வெங்காய பக்கோடா. அன்றாட மராத்திப் பேச்சில் காலங்கள் மூன்றுதான்: உன்ஹாளா (கோடை), பாவ்ஸாளா (மழைக்காலம்), ஹிவாளா (குளிர்காலம்). அண்டை வீட்டாருடன் பேச இந்த மூன்று சொற்களே முதல் பாடமாக அமையலாம்.

மலைக்கு இரண்டு பக்கம்

பருவக்காற்றைப் புரிந்துகொள்ள ஔந்த் நல்ல இடம். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து புணேக்கு வந்து, பின்னர் தில்லிக்குப் போயிற்று. 1962-இல் தொடங்கப்பட்ட இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இன்று நமக்கு அடுத்துள்ள பாஷாணில் இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. இந்த மலைக்கு இங்கே சஹ்யாத்ரி என்று பெயர். மேலேறும் காற்று குளிர்ந்து மழையாகிறது. மலை விளிம்பிலுள்ள லோனாவாலாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள புணேயில் சுமார் 700 மில்லிமீட்டர்தான். மலையைத் தாண்டுவதற்குள் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுவதே காரணம். இப்படிப்பட்ட இடத்தை மழை மறைவுப் பகுதி என்பார்கள்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் இதே மலைத்தொடரின் மறைவில்தான் இருக்கிறது. எனவே ஆனியும் ஆடியும் அங்கே வெயிலும் காற்றுமாகக் கழிகின்றன. மலையின் இடைவெளியில் புகுந்து வரும் காற்று மட்டும் குற்றாலத்தில் சாரலாகத் தூறுகிறது. அந்தச் சாரலும் ஔந்தில் பெய்யும் மழையும் ஒரே காற்று கொண்டுவருபவை. அக்டோபரில் காற்றின் திசை மாறி, வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டு சேர்க்கும்போது தமிழ்நாட்டில் ஐப்பசி மழை பிடிக்கிறது. இங்கே வானம் வெளுக்கிறது. ஆகவே புத்தகம் பொய் சொல்லவில்லை. அது வேறொரு நிலத்திலிருந்து எழுதப்பட்டது, அவ்வளவுதான். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்பது ஔந்துக்கும் பொருந்துவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

ஆடிப்பெருக்கில் ஆற்றுப் பாடம்

மழைக்காலத்தில் வெளியே போவது தமிழர்க்குப் புதிதன்று. ஆடிப் பதினெட்டில் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிறோமே, அதுவும் ஒரு மழைக்கால உலாதான். காவிரியில் அப்போது பெருகும் புதுநீர் குடகு மலையில் பெய்த தென்மேற்கு மழை.

அந்த நாளில் பிள்ளைகளை ஔந்தின் முளா ஆற்றுப் பாலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆற்றில் கழிவுநீர் கலப்பதால் கரையில் அமர்ந்து உண்ண இயலாது. பாலத்தின் மேல் நின்று பார்த்துவிட்டு வீட்டு மொட்டை மாடியில் சாப்பிடலாம். கையில் ஒரு வரைபடம் இருக்கட்டும். முள்ஷிப் பக்கத்து மலையிலிருந்து வரும் முளா, நகருக்குள் முட்டா ஆற்றுடன் சேர்கிறது. பிறகு பீமாவில் கலந்து பண்டரிபுரத்தைத் தொடுகிறது. அங்கே அதற்குச் சந்திரபாகா என்று பெயர். பீமா கிருஷ்ணாவில் சேர்கிறது. தெலுங்கு கங்கைத் திட்டத்தின்படி கிருஷ்ணா நீர் 1996 முதல் கால்வாய் வழியாகச் சென்னைக்கு அருகிலுள்ள பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. இதற்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தலா 5 டி.எம்.சி. நீரை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. ஔந்தில் பெய்யும் மழைக்கும் சென்னையில் பாட்டி வீட்டுக் குழாய்க்கும் இடையே இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்லும்போது பிள்ளைகளின் கண் விரிவதைக் காண்பீர்கள்.

பருவந்தோறும் ஓர் உலா

ஆனி, ஆடி: தேஹுவிலிருந்து துகாராமின் பல்லக்கும் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கும் பண்டரிபுரம் நோக்கிப் புறப்பட்டு, புணேயில் இரண்டு இரவு தங்கும். துகாராம் பல்லக்கு நமக்கு அருகிலுள்ள தாபோடி வழியாகவே வரும். தாளமும் கையுமாக நடந்து செல்லும் வார்கரி அடியார்களைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நம் பஜனைகளில் பாடும் பாண்டுரங்கன் யார் என்பது அன்று விளங்கும்.

ஆவணி, புரட்டாசி: சாதாராவுக்கு அருகே காஸ் பீடபூமி இப்பருவத்தில் காட்டுப் பூக்களால் நிறைந்திருக்கும். 2012-இல் யுனெஸ்கோ அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பாரம்பரிய இடங்களில் இதுவும் ஒன்று. முன்பதிவு செய்துகொண்டு செல்லுங்கள். சஹ்யாத்ரிச் சரிவுகளில் "கார்வி" என்றொரு புதர்ச்செடி உண்டு. அது நம் குறிஞ்சியின் இனம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது போல, கார்வி ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். குறிஞ்சித் திணையை விளக்க இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஐப்பசி: பாதை காய்ந்துவிடும். 1670-இல் தானாஜி மாலுசரே உயிர் கொடுத்து மீட்ட சிங்ககட் கோட்டைக்கு ஏறலாம். தீபாவளிக்கு இவ்வூர்ப் பிள்ளைகள் மண்ணால் சிறு கோட்டை கட்டி, மேலே பொம்மை வீரர்களை நிறுத்துவார்கள். நவராத்திரிக் கொலு வைத்த கை ஓய்வதற்குள் நம் பிள்ளைகளும் அதில் சேர்ந்துகொள்ளட்டும்.

மார்கழி, தை: முன்பனி என்ற சொல்லின் பொருளை ஔந்தின் விடியற்காலை நன்றாகவே உணர்த்தும். பாஷாண் ஏரிக்குக் காலையில் நடந்து போனால் பறவைகளைப் பார்க்கலாம். ஏரி மாசுபட்டதால் முன்போல் அவை கூட்டமாக வருவதில்லை என்பதும் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியே. வயல்வெளியில் பால் பிடித்த இளஞ்சோளக் கதிரைத் தணலில் வாட்டித் தரும் "ஹுர்டா" இப்பருவத்து விருந்து.

சித்திரை, வைகாசி: மாம்பழக் காலம். மே மாத மாலைகளில் இடியுடன் பெய்யும் மழையை இங்கே "வளீவ்" என்பார்கள்; நாம் கோடை மழை என்போம்.

மாதப் பெயர்களில் ஒரு கவனம்

ஆஷாடம் என்பதும் ஆடி என்பதும் ஒலியில் நெருங்கியிருந்தாலும் நாளில் ஒன்றல்ல. மராத்தி மாதம் அமாவாசைக்கு மறுநாள் தொடங்குகிறது. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை ஒட்டித் தொடங்குகிறது. அதனால்தான் ஆஷாட ஏகாதசி 2024-இல் (ஜூலை 17) ஆடியிலும், 2025-இல் (ஜூலை 6) ஆனியிலும் வந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மழைக்கால உலாவில் அருவிக்குள்ளும் ஓடும் நீரிலும் இறங்காதீர்கள். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவின் பூஷி அணைக்கு அருகே திடீரென்று பெருகிய நீரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். நாம் நிற்கும் இடத்தில் தூறல்தான் இருக்கும். மேலே மலையில் கொட்டியிருக்கும். மலையோரத்தில் பெய்யும் மழைக்கும் ஔந்து மழைக்கும் உள்ள வேறுபாட்டை மேலே கண்டோம். அந்தக் கணக்கு உயிரைக் காக்கும் பாடமும் ஆகும். தொலைவில் நின்று பார்ப்பதே போதும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. ஒரு நோட்டில் தமிழ் மாதங்கள் பன்னிரண்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஔந்தில் நீ கண்ட வானிலையை ஒரு வரியில் எழுது.
2. மாதம் ஒருமுறை ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, அங்கே மழையா வெயிலா என்று கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்.
3. தூறல், சாரல், அடைமழை, கோடை மழை: இவற்றில் எவை எவற்றை ஔந்தில் பார்த்தாய்?
4. முளா ஆறு கடலைச் சேரும் வழியை வரைபடத்தில் வரைந்து காட்டு.