தெர்மோகோல் விமானத்திற்கு மேற்பூச்சு

அறிவியல் கண்காட்சி நெருங்கினால் வகுப்பறை மூலைகளில் தெர்மோகோல் அட்டைகள் வந்து குவிவது நாம் அறிந்ததே. அணைக்கட்டும் எரிமலையும் தேவாலயமும் அதில் எழும்பும். அவை மேசைமேல் நிற்பவை. எப்படிப் பூசினாலும் நிற்கும். மாதிரி விமானம் அப்படியன்று. அது பறக்க வேண்டும்.

பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கின் சிறு மணிகளை நீராவியால் உப்பவைத்து, ஒன்றோடொன்று ஒட்டச் செய்ததே தெர்மோகோல். அதன் பருமனில் நூற்றுக்குச் சுமார் 98 பங்கு காற்றுதான். 1 மீட்டர் நீளமும் 20 செ.மீ. அகலமும் சராசரி 2 செ.மீ. கனமும் உள்ள ஓர் இறக்கையை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 4,000 கன செ.மீ. சாதாரணத் தெர்மோகோல் ஒரு கன மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ இருக்கும். ஆகவே இறக்கையின் எடை 60 முதல் 80 கிராம் மட்டுமே!

இதன்மேல் ஏறும் வண்ணத்தின் எடை எவ்வளவு? 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை, ஒரு பக்கம் மட்டும் பூசி, பூசும் முன்னும் உலர்ந்த பின்னும் ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துப் பாருங்கள், தோழியரே. அரை கிராம் கூடியிருந்தால், இறக்கையின் மேலும் கீழுமாக 40 சதுரங்களுக்கு 20 கிராம் கூடும். சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் பூசி, அதன்மேல் பளபளவென்று வண்ணமும் ஏற்றி, சதுரத்திற்கு 2 கிராம் ஆகிவிட்டால் 80 கிராம். இறக்கை தன்னைப்போல் இன்னோர் இறக்கையைச் சுமக்கிறது என்று பொருள். பளபளப்புக்குப் பரிசு கொடுக்கும் நடுவர்கள் இதைச் சற்றே கவனிக்கலாம்.

இது விளையாட்டு விமானத்திற்கு மட்டும் உரிய கவலை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் விண்வெளி ஓடம் புறப்படும்போது அதனுடன் 47 மீட்டர் உயரமுள்ள எரிபொருள் தொட்டி ஒன்று இணைந்திருக்கும். தொட்டியின் வெளிப்புறம் முழுவதும் நுரைப்பொருளால் மூடப்பட்டது. 1981ஆம் ஆண்டில் நடந்த முதல் இரண்டு பயணங்களில், வெயிலின் புற ஊதாக் கதிர் நுரையைக் கெடுத்துவிடாதிருக்க வெள்ளை வண்ணம் பூசினார்கள். அது தேவையில்லை என்று தெரிந்ததும், 1982 மார்ச்சில் நடந்த மூன்றாம் பயணம் முதல் அதை விட்டுவிட்டார்கள். மிச்சமான எடை சுமார் 270 கிலோ! அதன்பின் 2011இல் ஓடங்கள் ஓய்வு பெறும் வரை அந்தத் தொட்டி நுரையின் செம்பழுப்பு நிறத்துடனேயே பறந்தது.

எடை எந்த இடத்தில் கூடுகிறது என்பதும் முக்கியம். திருப்புத்திறன் பாடம் இங்கே கைகொடுக்கும். விமானத்தின் சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 60 செ.மீ. பின்னும் மூக்கு 20 செ.மீ. முன்னும் இருப்பதாகக் கொள்வோம். வாலில் 10 கிராம் வண்ணம் ஏறினால், அதை ஈடுகட்ட மூக்கில் 30 கிராம் களிமண் வைக்க வேண்டும். ஆகவே வாலுக்கு வண்ணம் பூசுவதில் கஞ்சத்தனம் நல்லது.

இனி, எதைப் பூசக்கூடாது என்று பார்ப்போம். நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன் திரவத்தை ஒரு சொட்டு தெர்மோகோல்மேல் விட்டால், கண் முன்னே குழி விழும். பொருள் மறைந்து போகவில்லை. மணிகளின் சுவர் இளகி, உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது. மீதியிருப்பது பிசுபிசுப்பான சிறிதளவு பிளாஸ்டிக். ஒத்தவை ஒத்தவற்றைக் கரைக்கும் என்று படித்தோமல்லவா? பாலிஸ்டைரின் கரிமப் பொருளாதலால் அசிட்டோன், டொலுவீன் போன்ற கரிமத் திரவங்களுக்கு இளகிவிடும், தண்ணீருக்கு அசையாது. ஸ்பிரே டப்பா வண்ணங்களிலும் தின்னரிலும் பெரும்பாலும் இத்தகைய திரவங்களே உள்ளன. மேலே பசைத்தாள் ஒட்டியிருக்கிறதே என்று துணிந்து ஸ்பிரே அடிப்பதும் ஆபத்து. ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் திரவம் உள்ளே புகுந்து குகை அமைத்துவிடும். சில ஒட்டும் பசைகளும் இப்படியே செய்யும். எதையும் முதலில் கழிவுத் துண்டில் சோதிப்பது நன்று.

பூச்சு வேலையை உப்புத்தாளில் தொடங்க வேண்டும். நைசான உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, அழுத்தாமல் தேய்க்கவும். சொரசொரப்பான தாள் மணிகளைப் பிய்த்துவிடும். பறக்கும் துகள் பாவாடையிலும் பின்னலிலும் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. மூக்கைத் துணியால் மூடிக்கொள்வது அவசியம்.

பிறகு பட்டம் செய்யும் மெல்லிய தாளை, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டலாம். என் கருத்தில் இதுவே மிகச் சிறந்த முறை. பள்ளங்களைப் பட்டியிட்டு நிரப்ப வேண்டியதில்லை. தாள் அவற்றின்மேல் பாலம்போல் நிற்கும். இறக்கைக்கு வலுவும் கூடும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. ஈரத்தாள் உலரும்போது சுருங்கும். மேற்பக்கம் ஒட்டிய அன்றே கீழ்ப்பக்கமும் ஒட்டாவிட்டால் இறக்கை அப்பளம்போல் வளைந்துவிடும்.

தாள் காய்ந்தபின், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பஞ்சுத் துண்டால் மெல்லியதாக ஒற்ற வேண்டும். வெள்ளைத் தெர்மோகோலே பாதி வண்ணம் என்பதால், முழுவதும் பூச வேண்டிய கட்டாயம் இல்லை. மேற்பக்கம் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பும் கரு நீலமும் வெயிலை உறிஞ்சிச் சூடேறும். 80 டிகிரி செல்சியசுக்கு அருகில் தெர்மோகோல் உருக்குலையத் தொடங்கும். அடிப்பக்கத்தில் மட்டும் அகன்ற கருங்கோடுகள் போட்டால், விமானம் தொலைவில் திரும்பும்போது எது மேல், எது கீழ் என்று தரையில் நிற்பவருக்குத் தெரியும்.

ஓர் இரவு முழுவதும் உலரவிட்டு மீண்டும் நிறுத்துப் பார்க்கவும். தண்ணீர் போனபின் எடை குறைந்திருக்கும். சமநிலைப் புள்ளியை விரல் நுனிகளில் தாங்கிச் சோதித்து, வேண்டுமானால் மூக்கில் களிமண் கூட்டி, காற்று எழும் முன் காலையிலேயே மைதானத்திற்கு எடுத்துச் செல்லலாம்.