வாசலில் இட்ட கையொப்பம்

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வூதியத்தில், லண்டன் ஹாரோவில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். மின்சாரத்துக்கும் காஸுக்கும் போட்டிருந்த ஓராண்டு ஃபிக்ஸ்ட் ஒப்பந்தம் இன்னும் முப்பது நாளில் முடிகிறது. எதுவும் செய்யாவிட்டால் வேரியபிள் கட்டணத்துக்கு மாற்றிவிடுவோம் என்று கம்பெனி கடிதம் போட்டிருக்கிறது. ஒன்பது நாளைக்கு முன் வேறொரு கம்பெனியின் ஆள் வீட்டுக்கே வந்து, விலை ஏறப்போகிறது, இன்றைக்குப் பதிந்தால்தான் இந்த விலை என்று சொல்லி, இரண்டு வருட ஃபிக்ஸ்ட் ஒப்பந்தத்துக்கு டேப்லெட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார். இடையில் விலகினால் மின்சாரத்துக்கு 75 பவுண், காஸுக்கு 75 பவுண் கட்ட வேண்டுமாம். அடுத்த வருடம் இந்த வீட்டை விற்றுவிட்டு மூத்த மகளோடு போய் இருக்கும் எண்ணமும் உண்டு. நான் மாட்டிக்கொண்டேனா? பழைய கம்பெனியும் அபராதம் கேட்குமா? ஃபிக்ஸ்ட், வேரியபிள் இரண்டில் உண்மையில் எது நல்லது? இளைய மகள் குரொய்டனில் வாடகை வீட்டில் இருக்கிறாள். கம்பெனியை மாற்றக் கூடாது என்கிறார் வீட்டுச் சொந்தக்காரர். அதற்கும் பதில் சொல்லுங்கள் ஐயா.

பதில்: அம்மையீர், தாங்கள் மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் தாமதித்தால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதாலும், இவ்விதழ் அச்சேறித் தங்கள் கைக்கு வருமுன் சட்டம் அளித்திருக்கும் அவகாசம் கழிந்துவிடும் என்பதாலும், இப்பதிலின் முதற்பகுதியைத் தங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாகத் தபாலில் அனுப்பிவிட்டேன். தங்களைப் போன்ற நிலைமையில் இருக்கக்கூடிய மற்ற வாசகர்களின் பிரயோஜனத்தை உத்தேசித்தே அதை இங்கு மீண்டும் எழுதுகிறேன்.

வியாபாரியின் கடையிலன்றி நுகர்வோரின் வீட்டு வாசலிலோ கூடத்திலோ வைத்துச் செய்துகொள்ளப்படும் ஒப்பந்தத்தை, காரணம் ஏதும் கூறாமலே, பதினான்கு நாட்களுக்குள் ரத்துச் செய்துகொள்ளும் உரிமையை 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் தங்களுக்கு வழங்கியிருக்கின்றன. கையொப்பமிட்ட தினம் இக்கணக்கில் சேராது. மறுநாளே முதல் நாள். ரத்துச் செய்கிறேன் என்பதைத் தெளிவாகத் தெரிவித்தால் போதும், அதற்கென்று அவர்கள் கொடுக்கும் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. எனினும் தொலைபேசியில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாமல், தேதியிட்ட கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பி, அதன் பிரதியைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பதினான்காம் நாளுக்குள் அனுப்பியிருந்தால், அது அவர்களுக்குப் பின்னர் போய்ச் சேர்ந்தாலும் செல்லும். இந்த உரிமை இருக்கிறது என்பதையே அந்த மனிதர் தங்களிடம் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லையென்றால், அவகாசம் மேலும் பன்னிரண்டு மாதம் வரை நீளும். பிறகு ஒரு நாள் தெரிவித்தாரானால், அன்றிலிருந்து பதினான்கு நாள். இக்காலத்தில் கம்பெனி மாற்றம் ஐந்து வேலை நாட்களுக்குள் முடிந்துவிடுகிறபடியால், தங்கள் கணக்கு ஏற்கெனவே புதிய இடத்துக்குப் போயிருக்கவும் கூடும். போயிருந்தாலும் ரத்து உரிமை அழிந்துவிடுவதில்லை. தாங்களே கேட்டுக்கொண்டதன் பேரில் விநியோகம் தொடங்கியிருக்குமாயின், அந்தச் சில நாட்களில் எரித்ததற்குரிய பணத்தை மட்டும் செலுத்த நேரிடும். விலகல் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டில் விளக்கு அணைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். மாறுவது எந்தக் கம்பெனியின் புத்தகத்தில் தங்கள் கணக்கு நிற்கிறது என்பது மட்டுமே.

பழைய கம்பெனி அபராதம் கேட்குமோ என்ற தங்கள் ஐயம் ஒரு வரியில் தீரக்கூடியது. ஃபிக்ஸ்ட் எனப்படும் நிலைக்கட்டண ஒப்பந்தத்தின் கடைசி 49 நாட்களுக்குள் ஒருவர் வேறிடம் மாறினால் அவரிடம் விலகல் கட்டணம் வசூலிக்கலாகாது என்பது, கம்பெனிகளின் உரிமப் பத்திரத்திலேயே ஆஃப்ஜெம் என்னும் கண்காணிப்பு அமைப்பு விதித்திருக்கும் நிபந்தனை. தாங்கள் கையொப்பமிட்ட தினத்தில் மீதமிருந்தது 39 நாள்.

அந்த விற்பனையாளர் உரைத்த ஆரூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேரியபிள் எனப்படும் மாறுகட்டணத்துக்கு ஆஃப்ஜெம் விதிக்கும் உச்சவரம்பு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதியில் மட்டுமே மாறுகிறது. மாறப்போகும் தொகையையும் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே ஆஃப்ஜெம் பகிரங்கமாக அறிவித்துவிடுகிறது. ஆகையால் வாசற்படியில் நிற்பவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்றும் இதில் கிடையாது. பொய்யான அவசரத்தை உண்டாக்கிச் சம்மதம் பெறுவது 2024-ஆம் ஆண்டின் டிஜிட்டல் சந்தைகள், போட்டி மற்றும் நுகர்வோர் சட்டத்தின்படி தடுக்கப்பட்ட வியாபார முறையாகும். எனவே அவர் சொன்னவை நினைவிலிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பின்னால் தகராறு செய்தால் அந்தத் தாள் சாட்சியாக நிற்கும்.

இனித் தங்கள் பிரதான கேள்விக்கு வருகிறேன். விலை ஏறுமா இறங்குமா என்ற ஊகத்தின் மேல்தான் இந்தத் தேர்வு முழுவதும் நிற்கிறதென்று பொதுவாக எண்ணுகிறார்கள். ஊகம் என் தொழிலல்ல. வக்கீல் என்ற முறையில் நான் பார்க்கும் வேற்றுமை வேறு. நிலைக்கட்டணத்தில் தங்களுக்குப் பாதுகாப்பாக நிற்பது ஓர் ஒப்பந்தம். மாறுகட்டணத்தில் நிற்பது பாராளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம். 2018-இல் நிறைவேறி, 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த விலைவரம்புச் சட்டம், எந்த ஒப்பந்தத்தையும் தேடிப் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிடும் குடும்பங்களிடம் கம்பெனி இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாதென்று விற்பவனை மட்டுமே கட்டுகிறது, வாங்குபவரைக் கட்டுவதில்லை. மாறுகட்டணத்திலிருந்து எந்த நாளிலும் ஒரு பென்ஸ்கூட அபராதமின்றி வெளியேறலாம். ஒப்பந்தமோ இரு தரப்பையும் கட்டுவது: குறித்த காலம் முடியுமட்டும் யூனிட் விலையை உயர்த்த கம்பெனிக்கு உரிமையில்லை என்பது எவ்வளவு உண்மையோ, அக்காலத்தில் விலகினால் தங்கள் பணப்பை இளைக்கும் என்பதும் அவ்வளவு உண்மை. மேலும், அந்த விலைவரம்பு நிலைக்கட்டணத்துக்குப் பொருந்தாது என்பதைப் பலர் அறிவதில்லை. வரம்புக்கு மேலான விலைக்குத் தாங்களே மனமுவந்து கையொப்பமிட்டால், அதைத் தடுக்கச் சட்டம் குறுக்கே வராது.

இரண்டு கட்டணங்களைப் பற்றியும் ஒரே மயக்கம் நிலவுகிறது. வரம்பு என்பது யூனிட் விலைக்கும் அன்றாட ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் உரியதேயன்றி, மொத்த பில்லுக்கு உரியதன்று. பத்திரிகைகள் வெளியிடும் ஆண்டுத் தொகை ஒரு சராசரிக் குடும்பத்தின் கணக்கு, அதைவிட அதிகம் எரித்தவர் அதிகம் கொடுப்பார். ஃபிக்ஸ்ட் என்பதும் அப்படியே. மாதந்தோறும் டைரக்ட் டெபிட்டில் போகும் தொகை வருடச் செலவைப் பன்னிரண்டாகப் பங்கிட்ட தவணைதான். தங்கள் உபயோகம் கூடினால், நிலைக்கட்டணத்திலும் அத்தவணை கூடும். விலையை ஏமாற்றி உயர்த்திவிட்டார்கள் என்று என்னிடம் வருகிறவர்களில் ஒரு பகுதியினர், உண்மையில் தவணை உயர்ந்ததைக் கண்டு பதறியவர்களே.

ஒப்பந்தம் எவ்வளவு உறுதியானதென்பது, அதில் எதிர்த்தரப்பாகக் கையொப்பமிட்ட கம்பெனி எவ்வளவு உறுதியானதென்பதைப் பொறுத்தது. இதை இந்நாட்டு மக்கள் 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். மொத்தச் சந்தையில் எரிவாயு விலை திடீரென்று ஏறியபோது, முன்னேற்பாடின்றி மலிவாக விற்றுக்கொண்டிருந்த இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. அவற்றின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலோரை ஆஃப்ஜெம் வேறு கம்பெனிகளிடம் ஒப்படைத்தது; யாருக்கும் விநியோகம் நிற்கவில்லை, முன்பணமாகக் கணக்கில் இருந்த தொகையும் காப்பாற்றப்பட்டது. ஆனால் நிலைக்கட்டணம் போய்விட்டது! புதிய கம்பெனி அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதில்லையாதலால் அதன் விலைக்குக் கட்டுப்படவில்லை. அதே வேளையில், நிலைத்து நின்ற கம்பெனிகளிடம் அந்தக் கோடையில் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தவர்கள், சராசரி வீட்டுக்கான ஆண்டு வரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுணாகவும், 2022 ஏப்ரலில் 1,971 பவுணாகவும் ஏறியதைத் தங்கள் பழைய விலையிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. உக்ரைன் யுத்தத்துக்குப் பின், 2022 ஆகஸ்ட் இறுதியில், வரும் அக்டோபருக்கான வரம்பு 3,549 பவுண் என்று அறிவிக்கப்பட்டதும், கிடைத்த விலைக்குக் கதவைச் சாத்திக்கொள்ளலாமென்று அவசர அவசரமாக உயர்ந்த நிலைக்கட்டணத்தில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு வாரம் கழியுமுன் அரசாங்கம் குறுக்கிட்டு, சராசரிச் செலவை 2,500 பவுணில் நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2023 ஜூலையில் வரம்பே 2,074 பவுணுக்கு இறங்கியது. நிலைக்கட்டணக்காரர்களுக்கும் அரசாங்கத்தின் கழிவு ஓரளவு கிடைத்ததாயினும், பயத்தில் வாங்கிய விலை பயம் தெளிந்த பின்னும் அவர்களைத் தொடர்ந்தது.

தங்கள் விஷயத்தில் செய்ய வேண்டிய கணக்கு கடினமானதன்று. ஆஃப்ஜெம் 2023-இல் சராசரி வீட்டுக்கு வைத்த அளவு, வருடத்துக்கு மின்சாரம் 2,700 யூனிட், காஸ் 11,500 யூனிட். இந்த அளவில், மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஒரு பென்ஸ் வேறுபட்டால் வருடத்துக்கு 27 பவுண். காஸில் அதே ஒரு பென்ஸ் வேறுபட்டால் 115 பவுண். விற்பனைக்கு வருகிறவர்கள் மின்சார விலையைப் பற்றியே நீளப் பேசுவதும், காஸ் விலையை விரைந்து கடந்துவிடுவதும் தற்செயலாகத்தான் நடக்கிறதா என்று எனக்குச் சில வேளை சந்தேகம் தோன்றும். தங்கள் சென்ற வருட பில்லில் இரண்டு யூனிட் எண்ணிக்கையும் இருக்கும். அவற்றை, தங்களுக்கு வந்த விலையாலும், தங்கள் பிரதேசத்துக்குரிய இப்போதைய வரம்பு விலையாலும் தனித்தனியே பெருக்கி, 365 நாள் ஸ்டாண்டிங் சார்ஜைச் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் ஐம்பது பவுண் என்று வந்தால், 150 பவுண் விலகல் கட்டணத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு அதைச் சம்பாதிப்பதில் அர்த்தமில்லை.

என் அபிப்பிராயம் இது. அடுத்த வருடம் வீட்டை விற்கும் உத்தேசமுள்ள ஒரு தம்பதிக்கு இரண்டு வருட ஒப்பந்தம் எவ்வளவு மலிவாயினும் உகந்ததன்று. தபாலில் முன்பே எழுதியபடி, அதை ரத்துச் செய்வதே சரி. ஓய்வூதியத்தில் நாட்களை நடத்துகிறவர்களுக்கு, செலவு இன்னதென்று முன்னரே தெரிந்திருப்பதே ஒரு மதிப்புள்ள பொருளாகையால், நிதானமான பெயருள்ள கம்பெனி ஒன்று, வரம்புக்குக் குறைந்த விலையில், விலகல் கட்டணம் இல்லாமலோ சொற்பமாகவோ ஓராண்டு ஒப்பந்தம் தருமானால், தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். வீடு மாறும்போது கட்டணம் கேட்பார்களா, ஒப்பந்தத்தைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தம் கிடைக்கவில்லையென்றால், சும்மா இருந்துவிடுவதிலும் குற்றமில்லை. சட்டத்தின் வரம்பு தங்களைத் தானாகவே ஏந்திக்கொள்ளும்.

ரத்துக் கடிதத்தை அனுப்பிய பிறகும் புதிய கம்பெனி பணம் கேட்டால், முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்தில் தீர்வு கிடைக்காவிட்டாலோ, இனிப் பேச ஒன்றுமில்லை என்று அவர்கள் முன்னதாகவே கடிதம் கொடுத்துவிட்டாலோ, எனர்ஜி ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளரிடம் செலவின்றிப் போகலாம். அவருடைய முடிவைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். வக்கீலை வைத்து வாதாட வேண்டிய அவசியமில்லாத இடம் அது. என் தொழிலுக்கு விரோதமாகவே இதைச் சொல்கிறேன்.

குரொய்டனில் இருக்கும் மகளின் சங்கதியில், பில் யார் பெயரில் வருகிறதென்பதே கேள்வி. அவர் பெயரில் வந்து, கம்பெனிக்கு அவரே நேராகப் பணம் செலுத்துகிறவராயின், கம்பெனியையும் கட்டணத்தையும் தேர்ந்தெடுக்கும் பாத்தியதை அவருக்கே உரியது. வீட்டுச் சொந்தக்காரர் தமக்குப் பிடித்த கம்பெனியைச் சிபாரிசு செய்யலாமேயொழிய, மாறக் கூடாதென்று தடுக்க இயலாது. பில் சொந்தக்காரரின் பெயரில் வந்து அவர் மகளிடம் வசூலிக்கிறாரென்றால் தேர்வு அவருடையது. ஆனால் தாம் கம்பெனிக்குக் கொடுத்த யூனிட் விலைக்கு மேல் வைத்து அதை மகளுக்கு விற்க அவருக்கு அனுமதியில்லை. அந்த பில்லின் பிரதியைக் காட்டும்படி மகள் எழுத்தில் கேட்கட்டும்.