பல கணிப்பொறிகளுக்கு ஒரு பொது நிரல்

கணிப்பொறியின் உறுப்புகளை நேரடியாக ஆளும் அடிப்படை நிரல் கெர்னல் எனப்படும். நினைவகத்தைப் பங்கிடுதல், காலத்தைக் கணக்கிடுதல், வெளிக் கருவிகளின் அழைப்புகளுக்குச் செவிசாய்த்தல் ஆகியவை அதன் கடமைகள். லினக்ஸ் என்னும் கெர்னலை 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அப்போது அது இன்டெல் 386 என்ற ஒரே வகைப் பிராசஸருக்கு உரியதாயிருந்தது. 1995 மார்ச்சில் வெளிவந்த 1.2 பதிப்போ ஆல்பா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய பிராசஸர்களிலும் இயங்கிற்று. இவ்வளர்ச்சியோடு ஒரு சங்கடமும் வளர்ந்தது. அது யாது என்பதையும், தீர்க்கப்பட்ட முறையையும் இங்கு ஆராய்வோம்.

படியெடுத்தலின் கேடு

புதிய பிராசஸருக்குக் கெர்னலைக் கொண்டுசெல்வோர், முன்னரே இயங்கும் வேறொரு வகையின் நிரலைப் படியெடுத்து, வேண்டிய இடங்களை மாற்றிக்கொள்வது எளிய வழியாகும். ஆனால் அதன் விளைவு எளிதன்று. ஒரு சுற்றறிக்கையைப் பத்துக் கிளை அலுவலகங்கள் கையால் படியெடுத்து, ஒவ்வொன்றும் தன் வசதிக்கேற்பச் சிறிது மாற்றிக்கொண்டதாகக் கொள்வோம். பின்னர் மூலத்தில் பிழை காணப்பட்டால், திருத்தம் பத்துப் படிகளையும் எட்டுமென்பதற்கு உறுதியில்லை. மேலும், படிகளுக்கிடையே காணும் வேறுபாடுகளுள் அவசியமானது எது, கைப்பிழை எது என்பதும் நாளடைவில் விளங்காமற்போகும்.

குறுக்கீடு: ஓர் எடுத்துக்காட்டு

விசைப்பலகை போன்ற ஒரு கருவி கவனிப்பை வேண்டும்போது, பிராசஸர் செய்துகொண்டிருக்கும் பணியை நிறுத்துமாறு மின்சைகை அனுப்புகிறது. இதுவே குறுக்கீடு. இதில் முக்கியமான இரு வகைகள் உண்டு.

மட்ட வகையில், கருவியின் தேவை நிறைவேறும் வரை சைகை நீடித்து நிற்கும். ஆகையால் கெர்னல் முதலில் அக்கம்பியை அடைத்துவிட்டு, கருவியைக் கவனித்து, பிறகு கம்பியைத் திறக்க வேண்டும். அடைக்காவிடில் அதே சைகை ஓயாது குறுக்கிட்டு, கணிப்பொறி வேறு வேலை செய்ய இயலாமல் நின்றுவிடும்.

விளிம்பு வகையில், சைகை மாறும் கணமே செய்தியாகும். அதற்கு உடனே ஒப்புகை தர வேண்டும். முதல் அழைப்பைக் கவனிக்கையில் இரண்டாவது வருமாயின், அதனைக் குறித்துவைத்துப் பின்னர் கவனிக்க வேண்டும். தவறினால் அச்செய்தி மீளாது போய்விடும்.

முற்காலக் கெர்னலில் எல்லா வகைக் குறுக்கீடுகளையும் ஒரே பெரிய செயற்கூறு கையாண்டது. பணியின் ஒழுங்கும் சில்லின் நுட்பமும் அதில் ஒன்றோடொன்று கலந்திருந்தன. இன்டெல் பிரிவில், ஒரே குறுக்கீட்டுச் சில்லுக்கு மட்ட வகை, விளிம்பு வகை என இரண்டு தனி விவரங்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றின் சில்லு நுட்பம் பெரும்பாலும் ஒன்றே. ஒழுங்கு மட்டுமே வேறு. ஆர்ம் பிரிவைப் பேணிவந்த ரஸ்ஸல் கிங் இவ்வகைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். அக்கருத்தை தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் எல்லாப் பிராசஸர்களுக்கும் விரித்தனர். 2006ஆம் ஆண்டின் 2.6.18 பதிப்பில் அது இடம்பெற்றது.

இதன் சாரம் யாதெனில், எந்த வரிசையில் செய்வது என்பது பொது நிரலுக்குரியது. அடைத்தல், திறத்தல், ஒப்புகை தருதல் ஆகியவற்றை எவ்வாறு செய்வது என்பது மட்டுமே அந்தந்தச் சில்லுக்குரியது. சில்லுக்குரிய பகுதி ஒரு சிறு அட்டவணையாகச் சுருங்கியது.

பழைய செயற்கூறு உடனே அகற்றப்படவில்லை. பிரிவுகள் ஒவ்வொன்றாக மாறி வந்தபின், 2011இல் அது நீக்கப்பட்டது. ஐபிஎம் பெருங்கணிப்பொறிகளுக்குரிய பிரிவு 2013இல்தான் பொது முறையைத் தழுவியது. இயங்கும் யந்திரத்தை நிறுத்தாமல் அதன் அடித்தளத்தை மாற்றுவதற்கு இத்தகைய பொறுமை தேவைப்பட்டது.

பொதுமையின் எல்லை

பொது நிரலில் ஒருமுறை திருத்தினால் அனைவரும் பயனடைவர். அதுபோலவே, அதில் புகும் பிழையும் அனைவரையும் தாக்கும். ஆகையால் பல யந்திரங்களில் பரிசோதித்தல் இன்றியமையாதது. எல்லாவற்றையும் பொதுவாக்கவும் இயலாது. கெர்னலுக்குள் நுழையும் கணத்தில் பிராசஸரின் பதிவகங்களைச் சேமிப்பது அந்தந்தப் பிராசஸரின் கட்டளைகளாலேயே ஆக வேண்டும். 2020இல் 5.9 பதிப்பில் வந்த பொது நுழைவு நிரல், அதன் பின்னர் நிகழும் வரிசையை மட்டுமே பொதுவாக்கியது. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுப்பதுபோன்ற பணிகளில், பொது நிரல் இருப்பினும், விரைவான தனிக் கட்டளையுள்ள பிராசஸர் தன் நிரலையே உபயோகிக்க இடமளிக்கப்பட்டுள்ளது.

இதன் பயன் நம் நாட்டிற்கும் உரியது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி, சி-டாக் நிறுவனத்தின் வேகா ஆகிய பிராசஸர்கள் ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சார்ந்தவை. இவ்வகை 2018 ஜனவரியில் 4.15 பதிப்பின் வழியே லினக்ஸில் சேர்ந்தது. அதற்குள் பொதுப் பகுதிகள் பல ஆயத்தமாயிருந்தமையால், குறுக்கீட்டு ஒழுங்கு போன்றவற்றை மீண்டும் எழுத நேரவில்லை.

ஆசிரியர்களுக்கு

மாணவர்களை மட்ட வகை, விளிம்பு வகை ஆகியவற்றின் படிகளை இரு பத்திகளில் எழுதச் செய்க. இரண்டிலும் பொதுவான செயல்கள் எவை, வரிசையில் மட்டும் வேறுபடுபவை எவை என வினவுக. பின்னர் ஒரு வகையின் படிகளை மற்றொன்றிற்குப் பயன்படுத்தினால் நேரும் கேட்டை அவர்களே கண்டறியட்டும். உண்மையான வேறுபாட்டைப் பெயரிட்டுப் பிரித்தபின்னரே பொதுமையாக்கம் தொடங்க வேண்டும் என்பது அதனால் தெளிவாகும்.