ஈஸ்ட் வெஸ்ட் விமானம்

சாலைக் கடைத்தெருவில் உள்ள நமக்கு விமானச் சத்தம் பழக்கம்தான். விமான நிறுவனமே நடத்திய ஒருவர் நம் மாவட்டத்தில் பிறந்தவர் என்பது தெரியுமா?

அவர் பெயர் தக்கியுத்தீன் வாகித். வர்க்கலைப் பக்கத்து ஊர்க்காரர். மும்பையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் தொழில் செய்தார்.

1953 முதல் விமானத் தொழில் அரசின் கையில் இருந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தனியாருக்கு வழி திறந்தது. 1992இல் ஈஸ்ட் வெஸ்ட் பறந்தது.

விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை. இருக்கை காலியாக இருந்தாலும் வாடகை கொடுக்க வேண்டும். வாடகைக் கடை நடத்துபவருக்கு இது நன்றாகப் புரியும்!

1995 நவம்பரில் மும்பையில் வாகித் சுட்டுக் கொல்லப்பட்டார். 1996இல் விமானங்கள் நின்றன. அதை நம்பியிருந்த ஊழியர்கள் வேலை இழந்தார்கள்.

கணக்கிடுங்கள்: ஈஸ்ட் வெஸ்ட் எத்தனை ஆண்டுகள் பறந்தது?