ஓரிரவுச் சிற்பம்

கல், உலோகம், மரம், சுதை முதலியன சிற்பத்திற்கு உரிய பொருள்கள் என்பதை நாம் அறிவோம். இவை நெடுநாள் நிலைத்து நிற்றலின், சிற்பியின் பெயர் மறைந்த பின்னும் அவன் கைத்திறம் மறைவதில்லை. உண்ணும் பொருளால் உருவம் அமைத்தலோ சிறுவர் விளையாட்டெனவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. அது கலையாகுமா? ஆகுமாயின், ஒரு நாளைக்குள் வாடும் ஒன்றிற்கு இத்துணை உழைப்பு எதற்கு? மெக்சிகோ நாட்டில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு விழாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டின் தென்பகுதியில் வஹாக்கா என்னும் நகரம் உளது. அதன் நடுவேயுள்ள பெருஞ் சதுக்கத்தில் டிசம்பர் 23ஆம் நாள் ‘முள்ளங்கி இரவு’ கொண்டாடப்படுகின்றது. முள்ளங்கி அந்நாட்டிற்கு உரியதன்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொணர்ந்தது. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னர்க் கூடும் சந்தையில், வாங்குவோர் கண்ணைக் கவரும்பொருட்டு, காய்கறி விற்போர் முள்ளங்கியில் உருவங்கள் செதுக்கி வைக்கலாயினர். வாங்கிய மக்கள் அவற்றைத் திருநாள் விருந்தில் அழகுக்காக வைத்தனர். வாணிகத்தில் பிறந்த இவ்விளையாட்டை, 1897ஆம் ஆண்டில் நகரத் தலைவராயிருந்த பிரான்சிஸ்கோ வாஸ்கோன்செலோஸ் என்பார் முறையான போட்டியாக ஆக்கினார்.

போட்டிக்குரிய கிழங்கு கறிக்குரிய கிழங்கன்று. நகராட்சியார் அதற்கெனவே நிலம் ஒதுக்கிப் பயிரிடுகின்றனர். உரம் மிகுதியாக இட்டு, பறிக்கும் பருவம் கடந்த பின்னும் மண்ணிலேயே விட்டுவைப்பர். அதனால் சில கிழங்குகள் அரை மீட்டர் நீளமும் 3 கிலோகிராம் எடையும் எய்தும். நேராக அமையாது, கிளைத்தும் முறுக்கியும் வளரும். மேற்றோல் சிவப்பு, உட்சதை வெண்மை. தோலை மெல்லிதாகச் சீவி மடித்தால் ஆடையாகும். முற்றும் நீக்கினால் வெண்ணிற முகம் கிடைக்கும். கீறினால் வெள்ளைக் கோடு தோன்றும். துண்டுகளைச் சிறு குச்சிகளால் இணைப்பர். இங்ஙனம் கிறிஸ்து பிறந்த கொட்டில், மேய்ப்பர், விலங்குகள், நகரத்துத் தேவாலயங்கள், நாட்டு நடனங்கள் ஆகிய யாவும் உருப்பெறுகின்றன.

இதனைக் கலையென்பதற்குக் காரணம் யாது? முள்ளங்கி தன் உருவத்தைத் தானே கொண்டு வருகின்றது. இரண்டாகப் பிரிந்த வேரில் நடப்பவன் காலையும், சுருண்ட வேரில் விலங்கின் வாலையும் காண்பதே சிற்பியின் முதல் வேலை. கத்தியின் வேலை அதன் பின்னரே. இயற்கை பாதி முடித்ததை மனிதன் கண்டறிந்து மீதியை முடிக்கின்றான். இக்கண் கலைஞனுக்கே உரியது.

உணவை வீணாக்குதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். பசித்தோர் வாழும் உலகில் இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒருவன் வாயினின்று பறித்த கவளத்தால் செய்த அழகு அழகாகாது. ஆயின் இக்கிழங்கு உணவுக்கென விளைத்ததன்று; உண்ணத் தக்கதுமன்று. நிலமும் நீரும் செலவாகின்றனவே எனின், உண்மைதான். பூந்தோட்டத்திற்கும் அவை செலவாகின்றன. எவரையும் பட்டினி கிடத்தாத அளவில் இவ்விளையாட்டுக் குற்றமுடையதன்று என்பதே நம் கருத்து.

இனி, வாடும் பொருளைப் பற்றிய தடையைக் காண்போம். ஆர்ச்சிம்போல்டோ என்னும் மிலான் நகரத்து ஓவியர், 1590ஆம் ஆண்டையொட்டி, பேரரசர் இரண்டாம் ருடால்பின் உருவத்தைக் கனிகளாலும் காய்களாலும் கதிர்களாலும் ஆனதாகத் தீட்டினார். அவ்வோவியம் இன்றும் சுவீடன் நாட்டு மாளிகையொன்றில் உளது. தீட்டிய காய்கள் 400 ஆண்டு கடந்தும் வாடவில்லை. செதுக்கிய முள்ளங்கியோ நீர் தெளிக்கத் தெளிக்கச் சில மணி நேரத்திற்குள் சுருங்கி நிறம் மாறுகின்றது. அது தெரிந்தே மக்கள் நெடுநேரம் வரிசையில் நின்று காண்கின்றனர். நிலைபேறு ஒன்றே கலையின் அளவுகோலாயின், ஆடலும் பாடலும் கலையாகா. அவையும் நிகழ்ந்தவுடன் மறைவனவே. பாடகன் குரல் ஓய்ந்த பின் பயிற்சி எஞ்சுவது போல, கிழங்கு வாடிய பின் செதுக்கும் பழக்கம் எஞ்சுகின்றது. அப்பழக்கம் 1897 முதல் பெரியோரிடமிருந்து சிறுவர்க்கு வழிவழியாக வந்துள்ளது. ஆண்டுதோறும் புதிதாகச் செய்யவேண்டியிருத்தலே அதனைக் காத்து வந்தது எனலும் பொருந்தும்.

ஆதலின், விளையாட்டெனக் கருதி இதனை இகழ்தல் வேண்டா. அடுக்களைக் கூடையிலுள்ள காயொன்றை நறுக்குமுன், அதன் வடிவைச் சிறிது நேரம் உற்று நோக்குவோமாக.