வெள்ளை அடித்தால் டென்மார்க் ஆகிவிடாது

நம்பிக்கை: சுவர், அலமாரி, தரை எல்லாம் வெள்ளையாக இருந்தால் அதுதான் ஸ்காண்டிநேவிய பாணி.

மதுரையில் புதுவீடு கட்டுகிற யாரிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. பிளைவுட் அலமாரிக்கு வெள்ளை லேமினேட், சாம்பல் நிற சோபா, மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி. இடத்தை அடைக்கிறதென்று தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி பழைய சாமான் வண்டியில் ஏறுகிறது. வீட்டிலேயே ஸ்காண்டிநேவியாவுக்குக் கிட்டத்தில் இருந்த ஒரே பொருள் அதுதான் என்றால் நம்ப ஆளில்லை.

உண்மை: 1950, 60-களில் டென்மார்க்குக்குப் புகழ் தந்த நாற்காலிகளில் பல தேக்கில் செய்தவை. அந்த நாட்டில் தேக்கு விளையாது. ஆசியாவிலிருந்து கப்பலேறிப் போனது. பர்மாத் தேக்கைத் தூணாக நிறுத்திய செட்டிநாட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை விளக்க வேண்டியிருக்கிறது!

டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னர் 1949-ல் வடிவமைத்த வட்ட நாற்காலிக்கு முதலில் அமைந்தது பிரம்புப் பின்னல் இருக்கை. 1960-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் வாதிட்டபோது உட்கார்ந்தது அந்த வகை நாற்காலியில்தான். வேக்னரின் விஷ்போன் நாற்காலி இருக்கைக்கு 100 மீட்டருக்கும் மேல் காகிதக் கயிறு பிடிக்கும், முழுவதும் கைப்பின்னல். கயிற்றுக் கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள் இதைப் பார்த்து வாய் பிளக்கலாமா?

நிறத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. டென்மார்க் வடிவமைப்பாளர் வெர்னர் பான்டன் சிவப்பும் ஆரஞ்சும் ஊதாவுமாக அறைகளை நிரப்பினார். ஸ்வீடனில் ஜோசப் ஃபிராங்க் பூவும் கொடியுமாகத் துணிகளுக்கு வரைந்தார். வெள்ளைச் சுவருக்குக் காரணம் வேறு. டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பகல் சுமார் 6 மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறைக்குள் பரப்ப வெள்ளை உதவும். மதுரையில் அதே சமயத்தில் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் மேற்கே ஆளுயரக் கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே வெள்ளை அடித்து, கண் கூசுகிறதென்று திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கும் ஏசியும் போடுகிறார்கள். வெள்ளை அடித்தே தீருவேன் என்பவர்கள் மொட்டை மாடியில் அடிக்கட்டும். அங்கேயாவது அது வெயிலைத் திருப்பி அனுப்பும்.

டென்மார்க்காரர் ஒருவரே வெயில் தேசத்தில் எப்படிக் கட்டினார் என்று பார்க்கலாம். உல்ரிக் பிளெஸ்னர் 1958-ல் இலங்கைக்கு வந்தார். பிறகு பல ஆண்டுகள் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவுடன் வேலை செய்தார். 1960-களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக அவர்கள் வடிவமைத்த வீடு, நடுமுற்றத்தைச் சுற்றி ஓட்டுக்கூரையும் நிழலுமாக நின்றது. பிளெஸ்னர் இலங்கையை விட்டுப் போன பின், 1970-களில் பாவா வடிவமைத்த மதுரை கிளப் நம் கோச்சடையில்தான் இருக்கிறது. இன்று அது ஒரு ஹோட்டல்.

நம்பிக்கை: அசல் பாணி வேண்டுமென்றால் ஸ்வீடன் கம்பெனியான ஐகியாவுக்குப் போக வேண்டும்.
உண்மை: ஐகியா 2018-ல் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தது. அங்கே கிடைப்பது சாமான். நம் ஆசாரிக்கு அளவு தெரியும், மரமும் தெரியும்.

நம்பிக்கை: பூப்போட்ட தரை இந்த பாணிக்கு ஒத்துவராது.
உண்மை: தேக்கு நாற்காலிக்குக் கீழே ஆத்தங்குடிக் கல்லைப் போட்டுப் பார்க்கட்டும். கண்ணாடி மேல் சிமெண்டையும் வண்ணத்தையும் கையால் வார்த்து எடுப்பது அது, சூளையே தேவையில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிரம்பு கிழிந்த நாற்காலியை எடைக்குப் போடும் முன், பின்னுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் கூலியில் அவருடைய தொழிலும் பிழைக்கும். போட்டுவிட்டுப் பிறகு மனம் மாறினால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில்தான் தேட வேண்டும். எடைக்குப் போட்ட விலைக்கு அங்கே யாரும் தரமாட்டார்கள்.